பக்கத்துக் கப்பலின் ஏழு ஆடுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு 'நேர முகாமைத்துவம்' பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி கம்பனியில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள். என் சேவைக் காலம் முழுவதிலும் நான் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு மிச்சம் பிடித்தது ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு விலையாக ஒரு கப்பலும் அதிலிருந்த நாற்பது பேரும் போயிருப்பார்கள். எனக்குப் பார்த்திருந்த பெண் உண்மையாகவே போய்விட்டாள்.

கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் தொழிலில் நீங்கள் இப்போது கைபேசியில் ஓடர் எடுக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அதற்கென்று ஒருவன் வள்ளத்தில் ஏறிக் கப்பலுக்கே போகவேண்டும். கயிற்று ஏணியில் தொங்கி ஏறி, சமையல்கட்டுக்குப் போய், என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி, மறுநாள் அந்தச் சாமானோடு திரும்பப் போய், ரசீதில் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் வாங்கி வரவேண்டும். அவனுக்கு வாட்டர் கிளார்க் என்று பெயர். தண்ணீருக்கும் அவனுக்கும் உள்ள ஒரே சம்பந்தம், அடிக்கடி அதற்குள் விழுவான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் மூன்று தடவை விழுந்தேன். எங்கள் வள்ளத்தை ஓட்டிய மட்டக்குளி அந்தோனி அண்ணன் மூன்று தடவையும் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, "தம்பி நீந்தப் பழகுறீங்களா, வேலை பழகுறீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் முதலாளி கொட்டாஞ்சேனைக்காரர். அதிகம் கதைக்கமாட்டார். வேலை பழக்கும்போது எனக்கு இரண்டே இரண்டு விதிகள் சொன்னார். முதலாவது: "ஒரு வள்ளத்தில ஒரு கப்பல்ட சாமான் மட்டும்தான்." இரண்டாவது கொஞ்சம் நீளம்: "கப்பல்காரன் என்ன சாப்பிடுறான் எண்டு தெரிஞ்சா, அவன் எப்ப போறான், எங்க போறான் எண்டு தெரியும். அதால அவன்ட சாப்பாட்டப் பத்தி வெளிய கதைக்காத."

இரண்டையும் நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இருபத்தாறு வயதில் எந்த விதியையும் தலையாட்டிக் கேட்பது சுலபம்.

எழுபத்தொன்றாம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. பதின்மூன்று நாளில் முடிந்துவிட்ட போர். இப்போது பிள்ளைகளின் சரித்திரப் புத்தகத்தில் தேடினால் அரைப் பக்கம் கிடைக்கலாம். ஆனால் அந்த அரைப் பக்கத்தின் கடைசியில் பாகிஸ்தான் இரண்டாகி, கிழக்குப் பக்கம் வங்காளதேசம் என்று ஒரு புது நாடாகிவிட்டது. எங்கள் அரசாங்கம் இரண்டு பேருக்கும் நண்பன் என்றது. எங்கள் முதலாளி இரண்டு பேருக்கும் மளிகைக்காரர்.

அப்போது கொழும்புத் துறைமுகத்தில் இரண்டு சரக்குக் கப்பல்கள் அடுத்தடுத்த மிதவைகளில் கட்டிக் கிடந்தன. ஒன்று இந்தியக் கப்பல், மற்றது பாகிஸ்தான் கப்பல். போர் தொடங்குவதற்கு முன்பே வந்தவை. வந்த இடத்தில் மாட்டிக்கொண்டன. இந்தியக் கப்பல் வெளியே போனால் கீழே நீர்மூழ்கி இருக்கலாம் என்று பயம். பாகிஸ்தான் கப்பல் வெளியே போனால் மேலே இந்தியப் போர்க்கப்பல் இருக்கலாம் என்று பயம். ஆகவே இரண்டும் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. இரண்டு கப்பல்களின் மேல்தட்டிலும் தூரக்கண்ணாடியோடு ஆள் நிற்பார்கள். இடையில் இருந்த தூரத்துக்குத் தூரக்கண்ணாடி தேவையே இல்லை. கூப்பிட்டால் கேட்கும்.

கரையிலும் போர் நடந்தது. எங்கள் சந்தியில் இருந்த சலூனில் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. செய்தி நேரத்தில் சலூன் இரண்டு கட்சியாகிவிடும். ஒரு கன்னம் வழித்து முடிந்ததும் வாக்குவாதம் வந்து, மற்றக் கன்னத்தில் சவர்க்கார நுரையோடு எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கப்பல்களுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. பெரிய வெங்காயத்தை இங்கே நாம் பம்பாய் வெங்காயம் என்போம், சிவப்புப் பருப்பை மைசூர்ப் பருப்பு என்போம் அல்லவா? நான் பழக்கதோஷத்தில் ஆங்கிலத்தில் அப்படியே எழுதிக்கொண்டுபோன பட்டியலைப் பாகிஸ்தான் கப்பலின் கப்டன் கையில் எடுத்துப் பார்த்தார். பேனையை எடுத்துப் பம்பாயையும் மைசூரையும் அடித்தார். "வெங்காயம் போதும், பருப்பு போதும்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கப்பலுக்குப் போன வெங்காயத்துக்கு ஊர் கிடையாது.

அந்தக் கப்பலில் சமைத்தவர் ஒரு வயதான மனிதர். எல்லோரும் பண்டாரி என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலில் சமையற்காரருக்கு அதுதான் பெயர். அவருடைய ஊர் சிட்டகாங். கிழக்குப் பக்கம். போர் நடந்த பக்கம். மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள். எனக்கும் அவருக்கும் பொதுவான பாஷை இல்லை. நான் சாமான் கொண்டுபோகும்போதெல்லாம் என் கைக்குள் இருக்கும் பத்திரிகையைக் காட்டி, ஒரே ஒரு சொல்லைக் கேட்பார்: "சிட்டகாங்?" பத்திரிகையில் எதுவும் போடவில்லை என்று நான் கையை விரிப்பேன். போட்டிருந்த நாட்களிலும் விரித்திருக்கிறேன். குண்டு விழுந்தது என்று எந்த வாயால் சொல்வது?

போர் தொடங்கி ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அந்தக் கப்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். புதுப் பட்டியல் ஒன்றைத் தந்தார். அரிசி, மா, கருவாடு, எல்லாம் ஒரேயடியாகப் பெரிய அளவில். கடைசி வரியில், உயிரோடு ஏழு ஆடுகள்.

நான் பட்டியலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அந்தக் கப்பலின் குளிர் அறை பழுதாகிக் கிடந்தது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். கரையோரம் கிடக்கும்வரை நாங்கள் தினமும் அறுத்த இறைச்சி கொண்டுபோய்க் கொடுப்போம். கடலுக்குப் போவதானால்தான் உயிர் ஆடு வேண்டும்; வழியில் ஒவ்வொன்றாக அறுத்துக்கொள்வார்கள். அந்த ஏழு ஆடுகளுக்கு ஒரே அர்த்தம்தான். கப்பல் நழுவப் போகிறது.

"நாளை மறுநாள் விடியற்காலை," என்றார் கப்டன் ஆங்கிலத்தில். "உனக்கும் எனக்கும் துறைமுக அதிகாரிக்கும் மட்டும்தான் தெரியும்."

பக்கத்துக் கப்பலுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இந்தியக் கப்பலிலிருந்து யாராவது கரைக்கு வந்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும். வெளியே காத்திருப்பார்கள்.

மறுநாள் ஆடுகளைக் கொண்டுபோகவேண்டிய நாள். அதே நாள் பின்னேரம் நான்கு மணிக்கு எனக்கு வெள்ளவத்தையில் பெண் பார்க்கும் சடங்கு. சின்னம்மா ஆறு மாதமாக அலைந்து கொண்டுவந்த சம்பந்தம். "பிந்தினா அவ்வளவுதான், அந்தாளுக்கு நேரம் முக்கியம்" என்று பெண்ணின் தகப்பனாரைப் பற்றி மூன்று முறை எச்சரித்திருந்தார். இந்தியக் கப்பலுக்கும் அன்றைக்கு மரக்கறி கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டு பயணம் போனால் நான்கரை ஆகிவிடும். ஒரே பயணமாகப் போனால் மூன்றரைக்கு முடித்துவிடலாம்.

இப்போது விளங்கியிருக்கும், நான் எப்படி நேரத்தை முகாமை செய்தேன் என்று.

"தம்பி, முதலாளி அறிஞ்சா?" என்று அந்தோனி அண்ணன் கேட்டார்.

"அறிஞ்சாத்தானே அண்ணே."

அரிசி, மா மூட்டைகளுக்கு நடுவில் ஆடுகளைப் படுக்கவைத்து, மேலே படங்கு விரித்து, படங்குக்கு மேல் கோவாக் கூடைகளை அடுக்கினோம். பார்த்தால் மரக்கறி வள்ளம்தான். ஆடு கத்தாமல் இருக்க வழி என்ன? தின்றுகொண்டிருக்கும் ஆடு கத்தாது. ஒரு பெரிய கட்டுப் பலா இலை வாங்கிப் படங்குக்கு அடியில் போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஏழு ஆடுகள் ஒரு கட்டுப் பலா இலையை எவ்வளவு நேரத்தில் முடிக்கும் என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

இந்தியக் கப்பல் கரைக்குக் கிட்ட என்பதால் முதலில் அங்கே போனோம். அதன் சீஃப் ஆபீசர் தூத்துக்குடிக்காரர். கறுத்த, உயரமான மனிதர். தமிழில் கதைக்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். அன்றைக்கும் மேலே கம்பியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"என்னல தம்பி, இன்னைக்கு சட்டையெல்லாம் பளபளங்குது?"

"பொம்பிளை பாக்கப் போறன் சேர்."

"அடி சக்கை!" என்றார்.

மூன்று கூடை கோவா மேலே போனது. நான்காவது கூடையைத் தூக்கினோம். அப்போது படங்குக்கு அடியிலிருந்து, தெளிவாக, நிதானமாக, ஒரு ஆடு "மே" என்றது.

அந்தோனி அண்ணன் என்ஜினைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த ஆட்டுக்குத் தனியாகக் கத்தப் பயமாக இருந்ததோ என்னவோ, இன்னும் மூன்று சேர்ந்துகொண்டன.

"அது என்ன சத்தம்ல?" என்றார் சீஃப் ஆபீசர்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் மனிதனுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது என்பது ஆச்சரியம்தான். டிசம்பர் மாதத்தில் எங்களைப் போன்ற கம்பனிகள் கப்பலுக்குக் கிறிஸ்மஸ் பரிசு கொடுப்பது வழக்கம். ஒரு கேக், இரண்டு போத்தல். எனக்கு அது ஞாபகம் வந்தது.

"கிறிஸ்மஸ் பரிசு சேர்," என்றேன். "எங்கட முதலாளி அனுப்பினவர். உங்களுக்குத்தான்."

"ஏழு ஆடா?" நான் படங்கை விலக்கியதும் எண்ணிப் பார்த்துவிட்டார்.

"ஓம் சேர். இந்த வருஷம் கொஞ்சம் பெரிசா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பக்கத்துக் கப்பலைப் பார்த்தார். பிறகு ஆடுகளைப் பார்த்தார். "ஏத்துங்கடே" என்று தன் ஆட்களிடம் சொன்னார். ஒவ்வொரு ஆடாக வலையில் தொங்கி மேலே போயிற்று. ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். வழக்கமாக ஒரு கிறுக்கல் கிறுக்குகிறவர், அன்றைக்கு இரண்டு வரி எழுதினார். முத்திரையும் குத்தினார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பத்து.

பாகிஸ்தான் கப்பலில் அரிசியையும் மாவையும் இறக்கிவிட்டு, ஆடு நாளைக்கு வரும், இன்றைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். விடியற்காலையே புறப்படுகிற கப்பலுக்கு நாளைக்கு ஆடு! கப்டன் மேலே இருந்ததால் பண்டாரியிடம்தான் சொன்னேன். அவருக்கு என் ஆங்கிலம் விளங்கவில்லை. "சிட்டகாங்?" என்று கேட்டார். கையை விரித்தேன். கம்பனிக்கு ஓடிப்போய் ரசீதுப் புத்தகத்தை முதலாளியின் மேசையில் போட்டுவிட்டு, பஸ்ஸில் தொற்றி வெள்ளவத்தைக்குப் போனேன். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வீட்டுப் படியில் நின்றேன். சின்னம்மா என்னைப் பெருமையோடு பார்த்தார்.

பெண் வீட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. தகப்பனார் போரைப் பற்றிக் கதைத்தார். யார் எதைப் பிடித்தார்கள், யார் எங்கே இறங்கினார்கள் என்று வானொலியைவிட விரிவாகச் சொன்னார். நானும் சும்மா இருக்கலாம்தானே? மாப்பிள்ளைக்கு ஏதாவது சாமர்த்தியம் இருக்கிறதென்று காட்டவேண்டாமா? கப்பல் பெயர் சொல்லாமல், நாடு சொல்லாமல், ஒரு கப்பலுக்குப் போகவேண்டிய ஆடுகளைப் பார்த்துவிட்ட இன்னொரு கப்பல்காரரை நான் எப்படி ஏமாற்றினேன் என்ற கதையை எடுத்துவிட்டேன். முதலாளியின் இரண்டாவது விதியும் அத்தோடு போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். தகப்பனார் தொடையில் தட்டினார்.

கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் பெண்தான். மெதுவாகத் தன் தாயாரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏழு ஆட்டை உயிரோட ஆரும் சும்மா குடுப்பினமே அம்மா? அந்தாள் நம்பியிருக்கும் எண்டு இவர் நம்புறாரே?"

கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தேன்.

தூத்துக்குடிக்காரர் பக்கத்துக் கப்பலைத் திரும்பிப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கடலில் வயது போன மனிதர் அவர். அந்தக் கப்பலின் குளிர் அறை பழுது என்பது அவருக்குத் தெரியாதா? ஆட்டைக் கண்டதும் என் மூளையில் ஓடிய கணிப்பு அவர் மூளையில் ஓடியிருக்காதா? அங்கே வங்காளப் பண்டாரி பட்டியலில் இருந்த மாவை மூட்டை மூட்டையாக அடுக்கிக்கொண்டிருப்பார். விடிந்தால் கப்பல் வெளியே போகும். வெளியே யாராவது காத்திருப்பார்கள். நான் இங்கே வடை தின்றுகொண்டிருக்கிறேன்.

எழுந்தேன். "நான் போகவேணும்" என்றேன்.

"தம்பி, பிள்ளை இன்னும் வரேல்லையே! தேத்தண்ணியையாவது குடிச்சிட்டுப் போங்கோ!" என்று தாயார் பதறினார். சின்னம்மா என் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது, நான் நிற்கவில்லை. ஒரு பெண் பார்க்கும் சடங்கில் பெண்ணைப் பார்க்காமல் ஓடிய மாப்பிள்ளை வெள்ளவத்தை வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டு யோசித்தேன். சொல்லாமல் விடலாமா? ஆடு கிடைக்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஒருவேளை தூத்துக்குடிக்காரர் உண்மையிலேயே நம்பியிருக்கலாம். நம்பியிருந்தால், நான் வாயைத் திறப்பதால் என் வேலை மட்டும்தான் போகும். நம்பாமல் இருந்து, நான் வாயை மூடினால், நாற்பது பேர் போவார்கள். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை என் வேலையைப் பற்றித்தான் யோசித்தேன் என்பதை மறைக்கமாட்டேன். கோட்டையில் இறங்கும்போது முடிவு செய்தேன்.

பொழுது சாயும் நேரம் அந்தோனி அண்ணன் என்னைக் கொண்டுபோய் ஏற்றினார். கப்டன் வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வள்ளத்தில் இரண்டு கப்பல் சாமான் ஏற்றியது, பலா இலை, ஆடு கத்தியது, கிறிஸ்மஸ், பெண் பார்க்கப் போனது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடிக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் சேர்."

வரைபடத்தைச் சுருட்டினார். கப்பல் போகாது என்றார். இனி எங்கள் கம்பனியிலிருந்து ஒரு வெங்காயம்கூட வேண்டாம் என்றார். நான் ஏணியில் இறங்கும்போது கால் வழுக்கி, நான்காவது தடவையாகவும் தண்ணீரில் விழுந்தேன். அன்றைக்கு அந்தோனி அண்ணன் ஒன்றும் கேட்காமல் தூக்கிப் போட்டார்.

மறுநாள் காலை முதலாளியிடமும் சொன்னேன். அவர் மேசையில் என் ரசீதுப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "ம்" என்றார். பிறகு, "ஸ்டோருக்குப் போ. அழுகின வெங்காயத்தத் தெரிஞ்செடு" என்றார். அவ்வளவுதான். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்றுகூடத் தெரியாமல் போர் முடியும்வரை நான் வெங்காயம் தெரிந்தெடுத்தேன். கண்ணீர் வெங்காயத்தால் வந்தது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது என்று சின்னம்மா சொல்லி அனுப்பியதும் அந்த ஸ்டோருக்குத்தான்.

பதின்மூன்றாம் நாள் போர் முடிந்தது. சலூனில் வெடி கொளுத்தியவர்களும் உண்டு, வானொலியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அதற்கு மறுநாள் காலை முதலாளி ஸ்டோருக்கு வந்தார். கையில் என் ரசீதுப் புத்தகம்.

"இந்தியக் கப்பல்ல இருந்து ஆள் வந்தது. ஆட்டுக்காரத் தம்பிய வரச் சொல்லட்டாம்," என்றார். "போறதுக்கு முந்தி இத வாசி. ரசீது எண்டா வாசிக்கிறதுக்குத்தான் தாறது."

வாசித்தேன். சீஃப் ஆபீசரின் கையெழுத்துக்கு மேலே, நல்ல தமிழில், இரண்டு வரி:

'பக்கத்துக் கப்பலுக்குச் சேரவேண்டிய ஆடுகள் ஏழு. அவர்கள் கேட்கும்வரை என் காவலில் இருக்கும்.'

அதற்குக் கீழே கப்பல் முத்திரை.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியுமா?" என்று முதலாளியிடம் கேட்டேன். குரல் எழும்பிவிட்டது.

"காட்டிக் குடுக்கப் போறவன் இப்பிடி எழுதி முத்திரை குத்தித் தருவானா? அவன்ட ஆக்கள் கண்டா அவனுக்கில்ல ஆபத்து?"

"பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"வெங்காயம் ஆர் தெரிஞ்செடுக்கிறது?" என்றார் முதலாளி. சிரிக்கவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. நாலு நாள் நான் தூங்கவில்லை, தெரியுமா? ஆனால் அந்தக் கோபம் படகுத்துறைவரைகூட நிற்கவில்லை. இன்றைக்கு யோசித்தால், அந்த வெங்காய ஸ்டோரில் நான் கற்றது வேறெங்கும் கற்காதது.

தூத்துக்குடிக்காரர் அதே கம்பியில் சாய்ந்துகொண்டு நின்றார். தட்டில் ஆடுகள் உருளைக்கிழங்குத் தோல் தின்றுகொண்டிருந்தன. எல்லாம் கொழுத்திருந்தன.

"ஏல தம்பி, கிறிஸ்மஸுக்குக் கேக்கு குடுப்பானுவ, போத்தல் குடுப்பானுவ. உசுரோட ஏழு ஆட்டை எவம்ல குடுப்பான்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ல."

"தெரிஞ்சும் ஏன் சேர் சொல்லேல்ல?"

அவர் ஒரு தோலை எடுத்து ஆட்டுக்கு நீட்டினார். "சொல்லிருந்தா மெடல் குடுத்திருப்பான்," என்றார். "ரெண்டு நாள் ராத்திரி உறக்கமில்ல, சொல்லணுமா வேண்டாமான்னு. பட்டாளத்துக்காரன் சண்டை அவனோட. நானும் அவனுவளும் சரக்கு ஏத்துற பயலுவ. நாளைக்கு நான் தண்ணில விழுந்தா, கொடியப் பாத்தா கயிறு போடுவான்?"

அவர் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. அவர் நாட்டுக்காரர்களிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். சொல்ல அவர்களுக்கு உரிமையும் உண்டு. எனக்குத் தெரிந்தது, அந்த மனிதர் வாயைத் திறந்திருந்தால் நான் இன்றைக்கு உங்களுக்கு இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதமாட்டேன் என்பதுதான்.

ஆடுகளை வள்ளத்தில் இறக்கினார்கள். எண்ணினேன். ஆறு.

"சேர், ஏழு?"

"காவக்கூலி," என்றார் சீஃப் ஆபீசர். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அன்றைக்கு வள்ளத்தில் ஒரு கப்பலின் சாமான்தான் இருந்தது. விதி மீறப்படவில்லை. ஆனால் எதிரிக் கப்பலிலிருந்து எதிரிக் கப்பலுக்கு ஆடு கொண்டுபோன வாட்டர் கிளார்க் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். பாகிஸ்தான் கப்பலில் தூரக்கண்ணாடியோடு யாரும் நிற்கவில்லை. கப்டன் மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதி நாட்டை இழந்த மனிதரிடம் ஆறு ஆட்டைப் பற்றி எப்படிக் கதைப்பது? ரசீதை நீட்டினேன். தமிழ் வரியை ஆங்கிலத்தில் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஆறுதானே இருக்கிறது?"

"ஒன்று காவல் கூலியாம் சேர்."

அவர் முகத்தில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால் கண்ணும் நிறைந்தது. "அவனுக்கும் பசிக்கும்தானே," என்றார். பிறகு, நாளைக்கு வெங்காயம் கொண்டு வா என்றார். எந்த ஊர் வெங்காயம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கீழே பண்டாரி ஆட்டுக்கயிறுகளைக் கையில் வாங்கினார். என் கையில் பத்திரிகை இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "சிட்டகாங்" என்றார். இந்த முறை கேள்வியாக இல்லை. மனைவியையும் மகளையும் பற்றி அவருக்கு இன்னும் ஒரு தகவலும் வந்திருக்கவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். அப்படியிருந்தும் அன்றைக்கு ஒரு ஆட்டை அறுத்து அவர் வைத்த கறியை, ஒரே நாளில் இரண்டு நாட்டுக்காரராகிவிட்ட அந்த நாற்பது பேரும் சாப்பிட்டார்கள். அந்தோனி அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சட்டியில் தந்தார். அண்ணன் வள்ளத்திலேயே முடித்துவிட்டார்.

வெள்ளவத்தைப் பெண் பிறகு ஒரு வங்கி உத்தியோகத்தரைக் கட்டி நன்றாக இருக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்தே என்னைவிடத் திறமாகத் துறைமுகத்தைப் புரிந்துகொண்டவர் அவர். முகத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. இந்தப் பகுதியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.

நேர முகாமைத்துவம் பற்றிக் கேட்டிருந்தார்கள். இரண்டு பயணம் போகவேண்டிய இடத்துக்கு இரண்டு பயணம் போங்கள். ரசீதை வாசியுங்கள். மற்றபடி, அந்தப் போரில் தூத்துக்குடிக்காரர் வாயைத் திறக்கவில்லை, முதலாளி திறக்கவில்லை, கப்டன்கூட என்னைப் பற்றி யாரிடமும் முறையிடவில்லை. பேசக்கூடாத இடத்தில் பேசியவர்கள் இரண்டே பேர். ஒன்று ஆடு. அதற்காவது பலா இலை முடிந்துபோயிருந்தது.